நீல டிரம்மும் நாலு பேச்சிலர்களும்!

“ஊரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு வாப்பா” என்று சொல்லி அனுப்பினார்கள். “சார், கொசுவைப் பத்தி எழுதவா?” என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்கள். என்ன பண்றது பாஸ்... எங்க பென்னலூர் எப்படி மாறிக்கிட்டு இருக்குன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே ஒரு கொசுதான்!

பூந்தமல்லியில் பஸ் பிடித்து, பெங்களூரு ஹைவேயில் செம்பரம்பாக்கம், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் தாண்டினால், ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னாடி வரும் பென்னலூர். ஏரி, மாடு, டீக்கடை என்று பார்த்தால் பக்கா கிராமம். ஆனால், விடியற்காலை அஞ்சரை மணிக்கு ஹைவே ஓரம் வந்து நின்று பாருங்க... அப்படிச் சொல்ல மாட்டீங்க. கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் டிபன் பேக் என்று கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் தமிழும் இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கும். பஸ்கள் வரிசையாக வந்து அள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது, நைட் ஷிஃப்ட் முடித்து கண்ணெல்லாம் சிவந்திருக்கிற இன்னொரு கூட்டத்தை இறக்கிவிடும்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். 2024-ல் வல்லம் வடகாலில் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்குகிற ஒரு விடுதியையே திறந்தார்கள். அப்படி விடுதி கிடைக்காத மத்தவங்க எல்லாம் எங்கே தங்குவாங்க? எங்க தெரு மாதிரி தெருக்களில்தான்! நேற்று நெல் விளைந்த இடத்தில் இன்று வரிசையாக லைன் வீடு. ஒரு ரூமுக்கு ஆறு பேர். பகல் ஷிஃப்ட்காரர் எழுந்த பாயில் நைட் ஷிஃப்ட்காரர் வந்து படுப்பார்.

அப்படி ஒரு காம்பவுண்டில்தான் நாங்கள் நாலு பேர், சிவில் இன்ஜினீயரிங் மூணாம் வருஷம், ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோம். பக்கத்துப் போர்ஷனில் பீகாரைச் சேர்ந்த ஆறு பேர், எல்லோரும் கம்பெனி வேலை. முன்பக்கம் ஹவுஸ் ஓனர் அக்கா குடும்பம். அக்காவுக்கு நாலாவது படிக்கிற ஒரு வாலு பொண்ணு. எங்களுக்கு அவள்தான் அலாரம்!

காம்பவுண்டில் தண்ணீர் என்பது ஓனர் அக்கா போர் மோட்டார் போடுகிற அந்த அரை மணி நேரம்தான். அதற்குள் பிடித்தால் உண்டு. அதனால் ஆளாளுக்கு ஒரு நீல டிரம், 200 லிட்டர். எங்களிடம் ரெண்டு இருந்தது. ஒன்று பாத்ரூமில். இன்னொன்று பின்பக்கம், மோட்டார் ரிப்பேரானால் உதவும் என்று நிரப்பி வைத்த ‘ஸ்டெப்னி டிரம்’. மூடியா? அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஷூ அடுக்கியிருந்தோம்!

இந்த ஸ்டெப்னியை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. கதையின் வில்லன் அதுதான்.

நூற்றிமூணு டிகிரி!

போன வருஷம் நவம்பர். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். தீபாவளிக்கு மதுரை போய்விட்டு வந்த என் ரூம்மேட் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுன்னான். எலும்பெல்லாம் உடையுற மாதிரி இருக்குன்னான். நாங்க என்ன பண்ணினோம்? மெடிக்கல் ஷாப்பில் கையில் கிடைத்த வலி மாத்திரையை வாங்கி ரெண்டு நாள் கொடுத்தோம். பின்னாடி டாக்டர் எங்களை வாங்கு வாங்குன்னு வாங்கினார். டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பிரின், இபுப்ரூஃபென் வகை மாத்திரைகள் கூடாதாம். ரத்தக் கசிவுக்கு வழி பண்ணிவிடும். பாராசிட்டமால் மட்டும்தான்.

மூணாவது நாள் ரத்தப் பரிசோதனை. என்.எஸ்.1 பாசிட்டிவ். டெங்கு. அஞ்சு நாள் ஆஸ்பத்திரி வாசம். இதில் இன்னொரு பாடம். காய்ச்சல் விட்டதும் “அப்பாடா”ன்னு வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தோம். “இப்போதான்டா ஜாக்கிரதையா இருக்கணும்” என்று நிறுத்திவிட்டார் டாக்டர். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் என்றால் ஒரு நிமிஷம்கூட வெயிட் பண்ணக் கூடாது. “நிறைய ஃப்ளூயிட்ஸ் குடிக்கணும்” என்றும் சொன்னார். ஏற்கெனவே ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்திருந்தவன், அந்த நிலையிலும் சிரித்துவிட்டான். அரியர் எக்ஸாமும் அந்த வாரம்தான். அதுவும் போச்சு!

இங்கே காம்பவுண்டில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. “இந்த ஹிந்திக்காரப் பசங்க சாத் பூஜைக்கு ஊருக்குப் போயிட்டு வந்தானுங்கல்ல... அங்கிருந்து கொண்டாந்துட்டானுங்க” என்றார் ஓனர் அக்கா. டீக்கடையிலும் அதே பேச்சு. சாயங்காலமே அக்கா பக்கத்துப் போர்ஷனுக்குப் போய், “மாசக் கடைசியில காலி பண்ணிடுங்கப்பா” என்று சொல்லிவிட்டார். ஆறு பேரும் ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள்.

நாங்களும் ஒன்றும் பேசவில்லை. உண்மையைச் சொல்லணும்னா, எங்களுக்கும் அப்போ அது சரின்னுதான் பட்டது.

டார்ச் அக்கா எடுத்த க்ளாஸ்

நண்பன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டார்ச் லைட்டும் கையுமாக வந்தார் ஒரு அக்கா. டி.பி.சி. பணியாளர். வீடு வீடாகப் போய் தண்ணீர்ப் பாத்திரங்களில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. முதலில் பக்கத்துப் போர்ஷன். ஆறு பேருக்கு ஒரே டிரம். தினமும் காலியாகி, தினமும் கழுவி, தினமும் புதுத் தண்ணீர். வாயில் வேட்டித் துணி கட்டியிருந்தது. “சுத்தம்” என்றார்.

அடுத்து எங்கள் பாத்ரூம். ஓகே. அப்புறம் பின்பக்கம் போனார். ஸ்டெப்னிக்குள் டார்ச் அடித்தார். “தம்பி... இங்க வா” என்றார்.

எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி தண்ணீர். அதில் நூற்றுக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் டைவ் அடித்து அடியில் போய் ஒளிந்துகொண்டன. மூணு வாரமாக நாங்கள் தொடாத டிரம். வயிற்றைப் பிசைந்தது.

அக்கா அங்கேயே எடுத்த க்ளாஸை நான் எந்த லெக்சரிலும் கேட்டதில்லை. டெங்கு, சிக்குன்குனியா ரெண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசு. கால்களில் வெள்ளை வரி இருக்கும். சாக்கடை பிடிக்காது, சுத்தமான தண்ணீர்தான் வேணும். முட்டையைத் தண்ணீரில் போடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது. முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். “அதான் பிரஷ் போட்டுத் தேய்க்கணும்னு தொண்டை கிழியச் சொல்றோம். யார் கேக்கறீங்க?” முட்டை கொசுவாகப் பறக்க சுமார் ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை டிரம்மைக் காயவைக்கச் சொல்கிறார்கள்.

“அப்போ ஏரியில வராதா அக்கா?” என்றேன். “ஏரில மீன் இருக்கே, வுட்ருமா?” என்று சிரித்தார்.

“சாயங்காலம் புகை மருந்து அடிச்சா செத்துடாதா?” “பறக்கறது சாகும். முட்டையும் புழுவும் சாகுமா? இந்தக் கொசு கட்டிலுக்கு அடியில, மாட்டி வெச்ச சட்டைக்குப் பின்னால உக்காந்திருக்கும் தம்பி.”

டிரம்மைக் கவிழ்த்தோம். தேய்த்தோம். அக்கா அட்டையில் தேதி போட்டுவிட்டுப் போனார். ஓனர் அக்கா அப்போது வீட்டில் இல்லை. வந்ததும் சொல்லியிருக்கணும்.

சொல்லவில்லை.

கணக்கு உதைக்குதே!

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? அன்று ராத்திரி நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். டெங்கு உள்ளவரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் வயிற்றிலிருந்து எச்சில் சுரப்பிக்கு வந்துசேர சாதாரணமாக 8 முதல் 12 நாள். அது இன்னொருவரைக் கடித்து, அவருக்குக் காய்ச்சல் வர 4 நாளிலிருந்து 10 நாள். ஆக, ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு வர கிட்டத்தட்ட ரெண்டு வாரம். பீகார் நண்பர்கள் ஊரிலிருந்து திரும்பி, என் ரூம்மேட் படுத்ததற்கு நடுவில் எத்தனை நாள்? நாலு!

அவங்க கொண்டு வந்திருக்க வாய்ப்பே இல்லை. மதுரைக்குப் போய் வந்தவனே கொண்டு வந்திருக்கலாம். தெருவில் யாருக்கோ ஏற்கெனவே இருந்திருக்கலாம். டெங்கு தொற்றுபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே தெரியாது. ஆனால், அவர்களைக் கடிக்கிற கொசுவுக்கும் வைரஸ் போகும். அப்படிப் பார்த்தால், ‘யார் கொண்டு வந்தது?’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. ‘எங்கே பெருகுது?’ என்ற கேள்விக்குத்தான் பதில் உண்டு. அந்தப் பதில் எங்கள் ரூமுக்குப் பின்னாடி கவிழ்ந்து கிடந்தது.

நெல் போனது, கான்கிரீட் வந்தது

அதற்குப் பிறகு பென்னலூரைச் சுற்றுகிறபோதெல்லாம் என் கண்ணே மாறிவிட்டது. வயலைப் பார்த்தால் ஒரு கொசு, கட்டடத்தைப் பார்த்தால் இன்னொரு கொசு!

இதே ஹைவேயில் மேற்கே போனால் வேலூர். 1955-ல் இந்தியாவில் முதன்முதலாக ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்டது அங்கேதான். அதைப் பரப்புவது வேறு கொசு. நெல் வயலில் தேங்குகிற தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் வகை. அந்த வைரஸுக்கு மனிதன் முக்கியமே இல்லை. கொக்கு, நாரை, பன்றி இவற்றில்தான் பெருகும். மனிதனுக்கு வந்தால் அங்கிருந்து வேறு யாருக்கும் போகாது. டெங்கு அப்படியே உல்ட்டா. அதற்கு வயலும் வேண்டாம், பன்றியும் வேண்டாம். மனுஷனும் அவன் தேக்கி வைத்த தண்ணீரும் போதும். வயல் பிளாட்டானால், வயல் கொசுவுக்கு இடம் குறைகிறது, டிரம் கொசுவுக்கு இடம் கூடுகிறது. ஊர் மாறினால் கொசுவும் மாறும் மக்களே!

எங்க டிபார்ட்மென்ட் மேட்டருக்கு வருவோம். கான்கிரீட் தளம் போட்டால் கியூரிங் பண்ணணும். தளத்தின் மேல் சின்னச் சின்னப் பாத்தி கட்டி தண்ணீரைத் தேக்குவார்கள். 2000-ம் வருஷத்து ஐ.எஸ். 456 விதிப்படி சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாள், கலப்பு சிமென்ட் என்றால் 14 நாள் வரை. கொசு வளர எத்தனை நாள்? ஏழு முதல் பத்து! கான்கிரீட் கெட்டியாகிற அதே நேரத்தில் கொசுவும் ரெடி. எக்ஸாமில் கியூரிங் கேள்விக்கு முழு மார்க் வாங்கியிருக்கிறேன். இந்த விஷயம் மட்டும் எந்த யூனிட்டிலும் இல்லை. பாத்தியை நடுவில் ஒருநாள் வடித்து நிரப்பினாலோ, ஈரச் சாக்கு போட்டாலோ போதும். லிஃப்ட் குழி, சென்டரிங் ஷீட் மடிப்பு, பெயின்ட் டப்பா என்று கட்டுகிற இடத்தில் இன்னும் எத்தனையோ!

ஹைவே என்றால் பஞ்சர் கடை. பஞ்சர் கடை என்றால் பழைய டயர். ஏடிஸ் கொசு சொந்தமாகப் பறப்பது சில நூறு மீட்டர்தான். ஆனால், டயருக்குள் ஒட்டிய முட்டை கப்பலேறும்! 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆசியப் புலிக்கொசு கூட்டம் கூட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய டயர் ஏற்றுமதியில் போனதுதான் அது.

ஷிஃப்ட் வேலையும் சேர்ந்துகொள்கிறது. ஏடிஸ் பகலில் கடிக்கும், அதுவும் காலையிலும் சாயங்காலத்திலும்தான் அதிகம். நாமெல்லாம் ராத்திரிக்கு வலை கட்டுகிறோம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் பகலெல்லாம் வலையில்லாமல் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார். கொசுவுக்கு விருந்து! இப்படிக் கடிபட்டவர், காய்ச்சல் தெரிவதற்கு முன்னாலேயே பஸ் ஏறி ஒரகடம் போய்விடுவார். கொசு இருநூறு மீட்டர் போகும். வைரஸ் கம்பெனி பஸ்ஸில் போகும்.

ரப்பர் கப்பும் வியட்நாமும்

“இதெல்லாம் சிட்டி நோய்ப்பா, கிராமத்துல ஏது?” என்று நினைக்கிறவர்களுக்கு... 2006-ல் சிக்குன்குனியா வந்தபோது இந்தியா முழுக்க சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சந்தேகப் பாதிப்பு. தமிழ்நாட்டில் 64,000-க்கும் மேல். ‘வளைத்து மடக்குவது’ என்று தான்சானியாவின் மகோண்டே மொழியில் வைத்த பெயர் அது. குனிந்தபடி நடந்த நம்ம ஊர்த் தாத்தா பாட்டிகளுக்கு அர்த்தம் சொல்லித் தரவே தேவையில்லை.

2007-ல் கேரளாவின் கிராமங்களில் அதே சிக்குன்குனியா போட்டுத் தாக்கியது. காரணம் தேடினால், ரப்பர் தோட்டம்! பால் வடிக்கிற சிரட்டையும் கப்பும் மழைக்காலத்தில் மரத்திலேயே தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர். புலிக்கொசு ஜாலியாகக் குடும்பம் நடத்தியது. போதாததற்கு, ரீயூனியன் தீவில் 2005-06-ல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் படுக்கவைத்தபோது, புலிக்கொசுவில் சுலபமாகப் பெருகும்படி வைரஸே ஒரு சின்ன மாற்றம் செய்துகொண்டது. அதே மாற்றம் கேரளாவிலும் தென்பட்டது.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வியட்நாம். அங்கே கான் ஹோவா மாகாணத்தில் 2005 முதல் 2008 வரை சுமார் 75,000 வீடுகளை வைத்து ஆராய்ந்து, 2011-ல் வெளியிட்டார்கள். நெருக்கடியான சிட்டியில்தான் டெங்கு அதிகம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. சதுர கிலோமீட்டருக்கு 3,000 முதல் 7,000 பேர் இருந்து, குழாய்த் தண்ணீர் சரியாக வராத இடங்களில்தான் வெடித்தது. முழு கிராமமும் இல்லாமல், முழு டவுனும் ஆகாமல் நடுவில் தவிக்கிற ஊர்கள். ஆள் வந்தாச்சு, குழாய் இன்னும் வரல. அதனால் ஆளுக்கொரு டிரம். படித்ததும் எங்க தெருதான் ஞாபகத்துக்கு வந்தது!

தமிழ்நாட்டில் 2012-ல் 12,826 பேருக்கு டெங்கு, 66 மரணம். 2017-ல் 23,294 பேர், 65 மரணம். பாதிப்பு கிட்டத்தட்ட ரெட்டிப்பு ஆனாலும், சாவு கூடவில்லை. சிகிச்சையில் நாம் முன்னேறியிருக்கிறோம். டிரம்மில்தான் இன்னும் தேறவில்லை.

மாத்தூர் ரூட்டு

நவம்பர் முப்பதாம் தேதி. பீகார் நண்பர்கள் ஆறு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினார்கள். ஒருவர் மட்டும் எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். நானும் காட்டினேன். அப்பவும் சொல்லவில்லை.

டிசம்பர் முதல் வாரம் ஓனர் அக்காவின் பொண்ணுக்குக் காய்ச்சல். டெங்கு. கணக்குப் போட எனக்கு நோட்டு தேவைப்படவில்லை. என் நண்பன் படுத்திருந்தபோது, டிரம்மிலிருந்து ஏற்கெனவே பறந்துபோன ஏதோ ஒரு கொசு அவனைக் கடித்திருக்கும். அப்புறம் மூணு வாரம். தேதி கச்சிதமாகப் பொருந்தியது.

ஆறு நாள் கழித்து வாலு வீட்டுக்கு வந்தாள், நல்லபடியாக. அன்று சாயங்காலம் நாலு பேரும் அக்கா முன்னால் போய் நின்றோம். டிரம் விஷயத்தைச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தப் பசங்க இப்ப எங்கடா இருக்காங்க?”

கை காட்டிய அந்த ஒருவரின் நம்பர் என் போனில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, வல்லம், ஒரகடம் தாண்டி மாத்தூர் போனேன். வழி நெடுக கம்பெனி மதில்கள், நடுநடுவே ஏரிகள், புதுசாக எழும்புகிற மாடிகள், மாடிமேல் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஆறு பேரும் வேறொரு லைன் வீட்டில் இருந்தார்கள். வாடகை எங்க ஊரை விட அதிகம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லி, “ஸாரி பையா” என்றேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். “பாப்பா ஓகேவா?” என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் வாசலுக்குக் கூட்டிப்போய் அவர்களின் டிரம்மைக் காட்டினார். வாயில் அதே வேட்டித் துணி. “டெய்லி காலி, டெய்லி கழுவு. எங்க ஊர்ல அம்மா சொல்வாங்க தம்பி” என்று சிரித்தார்.

திரும்பி வாங்கன்னு ஓனர் அக்கா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். “பாக்கலாம்” என்றார். இதுவரை வரவில்லை.

இப்போ எங்க காம்பவுண்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ‘ட்ரை டே’. எல்லா டிரம்மும் கவிழும். பிரஷ் எங்க கையில், மேற்பார்வை வாலு. “அண்ணா, சைடுல தேய்ங்க... அங்கதான் முட்டை இருக்கும்!” ஸ்டெப்னி டிரம்முக்கு இப்போ மூடி இருக்கிறது. ஷூக்கள் எல்லாம் தரையில்தான்!